பனியாற்றின் முன் நாற்பது நிமிடம்: எங்களை ஜூனோவுக்கு அழைத்துச் சென்ற கப்பல் நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

கப்பல் நிறுவனத்தின் நிர்வாகத்தினருக்கு,

2025 ஜூலையில் சியாட்டிலிலிருந்து புறப்பட்ட உங்களுடைய ஏழு நாள் அலாஸ்கா பயணத்தில் நானும் என் அம்மாவும் வந்தோம். முன்பதிவு செய்தபோது, அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவின் துறைமுகத்தில் கப்பல் காலை 9 மணி முதல் இரவு 8 மணி வரை நிற்கும் என்று அட்டவணையில் இருந்தது. நின்றது பகல் 1 மணி முதல் மாலை 7 மணி வரை. அந்த ஆறு மணி நேரத்தில், ஊருக்கு அருகே மலையிலிருந்து இறங்கி நிற்கும் பெரும் பனித்திரளான மெண்டன்ஹால் பனியாற்றின் முன்னால் எங்களுக்குக் கிடைத்தது நாற்பது நிமிடம்.

இதைப் பற்றி உங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு இரண்டு முறை ஆங்கிலத்தில் எழுதினேன். இரண்டு முறையும் ஒரு வரிகூட மாறாமல் ஒரே பதில் வந்தது. ஒப்பந்தப்படி நேரத்தை மாற்ற நிறுவனத்துக்கு உரிமை உண்டு, துறைமுகம் விடுபடவில்லை, எனவே இழப்பீடு கிடையாது. அதனால்தான் இந்த மடலைப் பொதுவில் எழுதுகிறேன். தமிழில் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை ஒரு முறையாவது அலாஸ்காவுக்குக் கூட்டிப் போய்விட வேண்டும் என்று காசு சேர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் அமெரிக்காவில் நிறைய உண்டு. டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் அவர்களும் இதைப் படிக்கட்டும். இதன் ஆங்கில வடிவத்தை உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

என் அம்மாவுக்கு 71 வயது. தென்காசிப் பக்கம் அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் புவியியல் நடத்தினார். பனியாறுகள் பாடம் ஒவ்வொரு வருடமும் வரும். கரும்பலகையில் பனியாறு உண்டாக்கும் நிலவடிவங்களான யு வடிவப் பள்ளத்தாக்கு, சர்க், அரெட்டு, மொரைன் எல்லாம் வண்ணச் சாக்பீஸில் வரைவார். பனிக்கு நீலமும் பாறைக்குப் பழுப்பும் என்று அவருக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு பனியாற்றையும் நேரில் பார்த்ததில்லை. வெயிலும் சாரலும் மட்டும் தெரிந்த பிள்ளைகளுக்கு, தான் பார்க்காத ஒன்றைத்தான் அத்தனை வருடம் சொல்லிக் கொடுத்தேன் என்று பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட ஒரே பயணம் இதுதான்.

அதற்காக என்னென்ன செய்தோம் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்கும் உங்கள் கப்பல் வெளிநாட்டில் பதிவானது. 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி அது நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். அதற்காகக் கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நிற்கிறது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் அம்மாவுக்கு அந்தச் சில மணி நேரத்துக்காகக் கனடா விசா எடுத்தோம். கைரேகை கொடுக்கத் தென்காசியிலிருந்து சென்னைக்குப் போய் வந்தார். கப்பல் விக்டோரியாவில் நின்ற இரவில் அவர் களைப்பில் தூங்கிவிட்டார். அது பரவாயில்லை. எங்களுக்கு ஜூனோதான் முக்கியம். உங்கள் ஏழு நாள் அட்டவணையில் பனியாற்றுக்குப் பக்கத்தில் கால் ஊன்றி நிற்கக்கூடிய நாள் அது ஒன்றுதான்.

புறப்படுவதற்கு மூன்று வாரம் இருக்கும்போது உங்களிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. தலைப்பு, உங்கள் பயணத்துக்குத் தயாராகுங்கள் என்பது. பெட்டி கட்டுவது, உணவகத்தில் உடுத்த வேண்டிய உடை, இணைய வசதிக்கான கட்டணம் இவற்றுக்கெல்லாம் கீழே, கடைசிப் பத்தியில், செயல்பாட்டுக் காரணங்களுக்காக ஜூனோ நேரம் மாற்றப்பட்டுள்ளது என்று ஒரு வரி. பதினொரு மணி நேரம் ஆறு மணி நேரமானது அந்த ஒரு வரியில்தான். முழுப் பணத்தையும் கட்டி, விலகினால் பாதிப் பணம் போகும் என்ற தேதியையும் தாண்டியிருந்தோம்.

மழை, காற்று, மூடுபனி என்று கேப்டன் கடைசி நேரத்தில் எடுக்கும் எந்த முடிவையும் நான் கேள்வி கேட்கமாட்டேன். அது உயிர்ப் பாதுகாப்பு. ஆனால் மூன்று வாரத்துக்கு முன்பே முடிவான ஒன்றுக்கு வானிலை காரணமாக இருக்க முடியாது. என்ன காரணம் என்று இரண்டு மடலிலும் கேட்டேன். பதிலில் அந்தக் கேள்வியே இல்லை.

இதைவிட எனக்கு வலித்த விஷயம் வேறு. நேரம் குறைந்த பிறகும் உங்கள் பனியாற்றுச் சுற்றுலா டிக்கெட்டின் விவரத்தில் ஒரு சொல்லும் மாறவில்லை. மொத்தம் இரண்டரை மணி நேரம், பனியாற்றை நிதானமாகச் சுற்றிப் பார்க்கலாம் என்றே இருந்தது. ஒருவருக்கு 89 டாலர். கப்பலில் ஏறிய இரண்டாம் நாள் சுற்றுலா மேசைக்குப் போய், நேரம் போதுமா, அம்மாவுக்கு முட்டிவலி, கைத்தடியோடுதான் நடப்பார் என்று கேட்டேன். தாராளமாகப் போதும் என்றார்கள். வேறு எப்படியாவது போகலாமா என்றும் கேட்டேன். தனியாகப் போனால் கப்பலைத் தவறவிடலாம், எங்கள் பேருந்தில் போனால்தான் உங்களுக்காகக் காத்திருப்போம் என்றார்கள். கைத்தடியோடு ஒரு தாயைக் கூட்டிக்கொண்டு வந்த நான் அந்த ஒரு சொல்லுக்குப் பயந்துதான் டிக்கெட் வாங்கினேன்.

அன்று ஜூனோவில் ஐந்து பெரிய கப்பல்கள். நாளொன்றுக்கு ஐந்துக்கு மேல் வேண்டாம் என்று அந்த நகரமும் கப்பல் நிறுவனங்களும் செய்துகொண்ட ஏற்பாடு 2024 பருவத்திலிருந்து நடப்பில் இருக்கிறது. கரையோடு சேர்த்துப் பெரிய கப்பலைக் கட்டும் இடம் நான்குதான். ஐந்தாவது கப்பல் நடுநீரில் நங்கூரம் போட வேண்டும். அன்று அந்த ஐந்தாவது கப்பல் நம்முடையது. கப்பலில் இருந்து டெண்டர் என்னும் சிறு படகில் இறங்கித்தான் கரைக்குப் போக வேண்டும் என்பது எனக்கு அன்று காலை ஒலிபெருக்கியில்தான் தெரிந்தது. எந்தக் கப்பல் எங்கே நிற்கும் என்ற அட்டவணை மாதக்கணக்கில் முன்னாலேயே போடப்படுகிறது. உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்கு ஏன் சொல்லவில்லை?

சரி, அந்த நாளை நேரத்தோடு சொல்கிறேன். என் குறிப்பேட்டிலும் கைபேசிப் படங்களிலும் இருக்கும் நேரங்கள் இவை.

ஒரு மணிக்கு நங்கூரம் போட்டார்கள். எங்கள் பேருந்து 1.45க்கு என்று டிக்கெட்டில் இருந்தது. எங்கள் குழுவைப் படகுக்குக் கூப்பிட்டதே 1.50க்கு. படிக்கட்டில் வரிசை. படகின் ஓரம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பணியாளர்கள் அம்மாவை இரு பக்கமும் தாங்கி, அலை தாழும் நொடி பார்த்து உள்ளே இறக்கினார்கள். அந்த இரண்டு பிள்ளைகளையும் நான் மறக்கமாட்டேன். அவ்வளவு பொறுமை. இந்த மடலில் இருக்கும் குறை எதுவும் அவர்களைச் சேராது. கரையில் கால் வைத்தபோது 2.30. கூட்டத்தில் எங்கள் எண் எழுதிய பலகையைக் கண்டுபிடித்துப் பேருந்தில் உட்கார்ந்து, அது கிளம்பியபோது 2.50. துறைமுகத்திலிருந்து பனியாறு கிட்டத்தட்ட 19 கிலோமீட்டர். 3.20க்கு அங்கே இறங்கினோம். சரியாக நான்கு மணிக்குப் பேருந்தில் இருக்க வேண்டும், பிந்தினால் டெண்டர் வரிசையில் மாட்டிக்கொள்வோம் என்று ஓட்டுநர் சொன்னார். அவர் உள்ளூர்க்காரர். சொல்லும்போதே அவர் முகம் வாடியிருந்தது.

வண்டி நிறுத்துமிடத்திலிருந்து, பனியாற்றைப் பார்த்துப் படம் எடுக்கும் இடமான போட்டோ பாயிண்ட் வரைக்கும் போகும் பாதை சமதளமான, நல்ல பாதை. அரைக் கிலோமீட்டர்தான். மற்றவர்களுக்கு ஏழு நிமிடம். அம்மாவுக்குப் போக ஒரு கால் மணி நேரம், திரும்ப ஒரு கால் மணி நேரம். மிச்சம் பத்து நிமிடம்.

லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. "சாரல் அடிக்குது பாரு, குத்தாலம் மாதிரி" என்றார் அம்மா. அப்புறம் பேச்சில்லை. ஏரிக்கு அந்தப் பக்கம், இரண்டு மலைகளுக்கு நடுவில் பனியாறு இறங்கி நின்றது. மேகமூட்டத்தில் அதன் வெடிப்புகளுக்குள் மட்டும் அந்த நீலம் தெரிந்தது. நான் கைபேசியை எடுத்தேன். அம்மா அதைப் பார்க்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, வகுப்பில் சொல்வது போலவே, மெதுவாகச் சொன்னார். பனி பல காலமாக அழுந்தி அழுந்தி உள்ளிருக்கும் காற்றெல்லாம் வெளியேறிவிடும், இறுகிய பனி சிவப்பை விழுங்கிவிட்டு நீலத்தை விட்டுவிடும், அதனால்தான் நீலச் சாக்பீஸ். "நான் போட்ட நீலம் கொஞ்சம் கூடுதல்" என்றார்.

திரும்பும் வழியில் பாதையோரம் ஒரு பாறை. வழவழப்பாகத் தேய்ந்து, அதன்மேல் ஒரே திசையில் கீறல்கள். முன்பு பனியாறு அந்த இடம் வரைக்கும் இருந்தபோது, தன் அடியில் பிடித்திருந்த கற்களால் இழுத்த கோடுகள் அவை. அம்மா கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து, ஈரப் பாறையில் விரலை வைத்து ஒரு கீறலை அதன் முனை வரைக்கும் தடவிக்கொண்டே போனார். 31 வருடம் பாடத்தில் இருந்த ஒரு வரி அவர் விரலுக்குக் கீழே இருந்தது. அதற்குள் மணி 3.50. "இன்னும் கொஞ்சம் நிக்கலாமாம்மா?" என்று கேட்டார். என்னை வளர்த்தவர் என்னிடம் அனுமதி கேட்டார். முடியாதும்மா என்று சொல்லிக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். இந்த மடலை எழுத வைத்தது அந்த ஒரு நிமிடம்தான்.

அங்கே நாங்கள் பார்க்காதவற்றையும் சொல்ல வேண்டும். பார்வையாளர் மையத்துக்குள் போகவில்லை. 1962இல் திறக்கப்பட்ட அந்த மையம், அமெரிக்க வனத்துறை நாட்டிலேயே முதன்முதலாகக் கட்டிய பார்வையாளர் மையம். பெரிய கண்ணாடிச் சுவர் வழியாக, மழையில் நனையாமல், உட்கார்ந்து பனியாற்றைப் பார்க்கலாம். அம்மாவைப் போன்றவர்களுக்கென்றே அமைந்த இடம். நேரமில்லை. நக்கெட் அருவி கண்ணுக்கு முன்னால் விழுந்துகொண்டிருந்தது. 115 மீட்டர் உயரம். அதன் அடிவாரத்துக்குப் போகும் பாதையும் சமதளம்தான், ஒன்றரைக் கிலோமீட்டர். மெதுவாக, உட்கார்ந்து உட்கார்ந்து போனால் அம்மாவால் முடிந்திருக்கும். நேரமில்லை. சாக்கை சால்மன் மீன்கள் முட்டையிட ஏறி வரும், கருங்கரடிகள் அவற்றைத் தேடி வரும் ஸ்டீப் கிரீக் ஓடையின் மரப்பாதை, வண்டி நிறுத்துமிடத்துக்குப் பக்கத்திலேயே தொடங்குகிறது. அதன் பெயர்ப்பலகையை மட்டும் படித்தோம்.

4.35க்குத் துறைமுகம் திரும்பிவிட்டோம். கப்பலுக்குத் திரும்ப வேண்டிய கடைசி நேரம் 6.00. படகுக்காக நின்ற வரிசையில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. மேலே கூரை கிடையாது, உட்கார ஒரு நாற்காலி கிடையாது. முன்னால் நின்ற ஒரு குடும்பம் தங்கள் மடக்கு நாற்காலியை அம்மாவுக்குக் கொடுத்தது. 5.40க்குப் படகில் ஏறினோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு மணி நேரத் துறைமுக நாளில் இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் படகுக்கும் பேருந்துக்கும் காத்து நின்றதிலேயே போயிற்று. டிக்கெட் விற்கும்போது இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதது அல்ல. நடுநீரில் நிற்கும் கப்பல், மூவாயிரம் பேர், ஒரு மணிக்கு வருகை, ஆறு மணிக்கு கடைசி நேரம் என்று எழுதிப் பார்த்தாலே பனியாற்றுக்கு எவ்வளவு மிஞ்சும் என்பது தெரிந்துவிடும். தெரிந்தேதான் விற்றீர்கள் என்று சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் வேறு எப்படிப் புரிந்துகொள்வது என்று தெரியவில்லை.

உங்கள் விளம்பர ஏட்டின் படத்தைப் பற்றியும் பேச வேண்டும். ஏரி முழுக்கப் பனிக்கட்டிகள் மிதக்க, பனியாற்றின் சுவர் தண்ணீரில் அகலமாக இறங்கி நிற்கும் படம் அது. நாங்கள் பார்த்தது அது அல்ல. பனி மிகவும் உள்வாங்கியிருந்தது. அந்த ஏரியே 1929 வாக்கில்தான் உருவாகத் தொடங்கியது. பனி பின்வாங்கப் பின்வாங்க, விட்டுப்போன பள்ளத்தில் தண்ணீர் தேங்கி ஏரியானது. அதன் பிறகு இரண்டரைக் கிலோமீட்டருக்கும் மேல் பனி பின்னால் போய்விட்டது. இந்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் பார்வையாளர் மையத்திலிருந்து பார்த்தால் பனியாறே கண்ணுக்குத் தெரியாமல் போகலாம் என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். அம்மா இதை எப்படியும் தெரிந்துகொண்டிருப்பார். ஆனால் எங்கள் பேருந்தில் இருந்த பலர், இது அந்தப் படத்தில் இருந்த இடம்தானா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். உண்மையான படத்தைப் போட்டால் யாரும் வராமல் போகமாட்டார்கள். என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பதைப் பார்க்கவே வருவார்கள்.

பேருந்து போகும் வழியில் இருக்கும் மெண்டன்ஹால் பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கான மக்கள் குடியிருக்கிறார்கள். ஆற்றங்கரை நெடுக, மணலும் மண்ணும் நிரப்பிய பெரிய தடுப்புகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. எதற்காக என்று எங்கள் பயணத்தில் எந்த அறிவிப்பும் சொல்லவில்லை. பிற்பாடு நானே தேடிப் படித்தேன். மெண்டன்ஹாலோடு சேர்ந்திருந்த ஒரு கிளைப் பனியாறு சுருங்கி விலகிப்போனதால் மலையிடுக்கில் சூசைட் பேசின் என்ற பள்ளம் உண்டானது. பனியாறே அதற்கு அணையாக நிற்கிறது. பனி உருகும் நீரும் மழை நீரும் அதில் தேங்கி, ஒரு கட்டத்தில் பனிக்கு அடியில் வழி உண்டாக்கிக்கொண்டு மொத்தமாக வெளியேறிவிடும். 2011இலிருந்து இது நடக்கிறது. 2023 ஆகஸ்டில் ஆற்றங்கரை அரித்து ஒரு வீடே வெள்ளத்தில் விழுந்தது. 2024 ஆகஸ்டில் ஏறக்குறைய 300 வீடுகள் சேதமாயின. நாங்கள் வந்துபோன அடுத்த மாதம், 2025 ஆகஸ்ட் 13 அன்று, ஆற்றின் நீர்மட்டம் அதுவரை இல்லாத அளவுக்கு 16.65 அடியை எட்டியது. அந்தத் தடுப்புகள்தான் பெரும்பாலான வீடுகளைக் காத்தன. நாங்கள் படம் எடுக்கப்போன பனியாறு, அதன் கீழே குடியிருப்பவர்களுக்கு ஒவ்வோர் ஆகஸ்டிலும் அச்சம். அவர்கள் வீட்டு வாசல் வழியாகப் போய் வந்த எங்களுக்கு அது தெரியாமல் போனது தவறு.

பெயரையும் சொல்ல வேண்டும். மெண்டன்ஹால் என்பது 1890களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடலோர அளவைத் துறையின் தலைவராக இருந்தவரின் பெயர். அந்த மண்ணின் மக்களான டிலிங்கிட் இனத்தவருக்கு இது ஆக்வ் தாக் சீட், சிற்றேரிக்குப் பின்னால் இருக்கும் பனியாறு. ஆக்வ் குவான் என்னும் அவர்களுடைய குழு அந்தக் கரையில் நெடுங்காலமாக வாழ்ந்து வருகிறது. ஒவ்வோர் ஓடைக்கும் மேட்டுக்கும் பெயர் வைத்து வாழ்ந்த ஊரிலிருந்து வந்தவர் அம்மா. அந்தப் பெயரைக் கேட்டிருந்தால் மனப்பாடம் செய்திருப்பார். உங்கள் கப்பலில் ஏழு நாளும் ஒலித்த அறிவிப்புகளில் அது ஒரு முறைகூட வரவில்லை. நகை விற்பனைத் தள்ளுபடி தினமும் வந்தது.

ஜூனோ மக்களிடம் எனக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சியும் உண்டு. அந்த ஊரில் ஏறத்தாழ 32,000 பேர். சாலை வழியாக அந்த ஊருக்குப் போகவே முடியாது. கப்பல் அல்லது விமானம்தான். ஒரு பருவத்தில் வரும் கப்பல் பயணிகள் பதினாறு லட்சத்துக்கும் மேல். இதனால்தான் 2026இலிருந்து ஞாயிறு முதல் வெள்ளி வரை நாளுக்கு 16,000, சனிக்கிழமை 12,000 என்று பயணிகளுக்கு வரம்பு வைக்க நகரமும் நிறுவனங்களும் 2024இல் ஒப்புக்கொண்டன. நல்ல முடிவு. ஆனால் எத்தனை பேர் என்பதோடு கணக்கு முடிந்துவிடாது. ஐந்து கப்பல் ஆட்களும் ஒரே பிற்பகல் நேரத்தில் பனியாற்றில் வந்து குவிந்தால், வந்தவர்களுக்கும் பலனில்லை, ஊர்க்காரர்களுக்கும் நிம்மதியில்லை. காலை ஒன்பது மணிக்கு வந்திருந்தால் நாங்கள் அந்தக் கூட்டத்துக்கு முன்னால் போய் வந்திருப்போம்.

அலாஸ்கா மாநிலம் இத்தகைய பயணங்களில் ஒவ்வொரு பயணிக்கும் 34.50 டாலர் வரி விதிக்கிறது. துறைமுகக் கட்டணங்கள் தனி. எல்லாவற்றையும் எங்களிடம் முழுமையாக வாங்கினீர்கள். அது நியாயம், அந்த ஊர்களுக்குப் போய்ச் சேர வேண்டிய பணம். துறைமுகத்தில் நிற்கும் நேரம் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தபோது எங்கள் பங்குக்கு மட்டும் ஒன்றும் மாறவில்லை என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

இனி, நான் கேட்பவை.

கடைசித் தவணை கட்டிய பிறகு ஒரு துறைமுகத்தின் நேரத்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் குறைத்தால், அதைத் தனி மின்னஞ்சலாக, தலைப்பிலேயே தெரியும்படி அனுப்புங்கள். காரணத்தை எழுதுங்கள். அந்தத் துறைமுகத்தில் வாங்கிய சுற்றுலா டிக்கெட்டை முழுப் பணத்தோடு திருப்பித் தரவும், பயணத்திலிருந்தே விலக நினைப்பவர் பிடித்தமின்றி விலகவும் வழி செய்யுங்கள்.

பனியாற்றுச் சுற்றுலா டிக்கெட்டில் மொத்த நேரத்தைப் போடுவதோடு நிறுத்தாமல், பனியாற்றின் இடத்தில் எத்தனை நிமிடம் என்பதை அச்சிடுங்கள். தொண்ணூறு நிமிடத்துக்குக் குறைவாகக் கொடுக்கத்தான் முடியும் என்றால் அந்த டிக்கெட்டை விற்காதீர்கள். சொன்னதைவிடக் குறைந்தால், பயணி கேட்கும் முன்பே பணத்தைத் திருப்புங்கள்.

கப்பல் கரையில் கட்டப்படுமா, நங்கூரத்தில் நிற்குமா என்பதை முன்பதிவுப் பக்கத்திலேயே சொல்லுங்கள். நடக்கச் சிரமப்படுபவர்களை முதல் படகுகளில் அனுப்புங்கள். திரும்பும் வரிசையில் ஒரு கூரையும் இருபது நாற்காலியும் போடுங்கள். ஜூனோ மழை ஊர் என்பது உங்களுக்குத் தெரியும்.

சுற்றுலா மேசையில் இருப்பவர்கள் மற்ற வழிகளையும் சொல்லட்டும். உள்ளூர் நிறுவனங்களின் பேருந்துகள் உண்டு, வாடகைக் கார் உண்டு, நகரப் பேருந்தும் உண்டு. நகரப் பேருந்து பனியாற்றுக்கு 2.4 கிலோமீட்டர் முன்பே இறக்கிவிடும், மீதியை நடக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். கப்பலைத் தவறவிடும் அபாயத்தையும் சொல்லட்டும், தவறில்லை. எல்லாம் தெரிந்த பிறகு பயணி முடிவெடுக்கட்டும்.

விளம்பர ஏட்டில் இந்த வருடத்துப் படத்தைப் போடுங்கள், எடுத்த தேதியோடு. பனியாற்றின் டிலிங்கிட் பெயரை அச்சிடுங்கள். ஜூனோவுக்கு முந்தைய இரவு, பனியின் பின்வாங்கலையும் பள்ளத்தாக்கின் வெள்ளத்தையும் அந்த மண்ணின் மக்களையும் பற்றி ஒரு மணி நேர உரைக்கு ஏற்பாடு செய்யுங்கள். அரங்கம் இருக்கிறது, கேட்க ஆள் இருக்கிறார்கள். சொல்வதற்கு ஜூனோவிலேயே தகுந்தவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுத்து அழையுங்கள்.

எங்கள் இருவரின் டிக்கெட்டுக்கு நாங்கள் கட்டிய 178 டாலரைத் திருப்பித் தாருங்கள். நேரம் ஏன் மாற்றப்பட்டது என்ற என் கேள்விக்கு, பொறுப்பில் இருக்கும் ஒருவர் தன் பெயரிட்டு, இந்த மடல் வெளியான நாளிலிருந்து முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். வரும் பதிலை ஒரு சொல்லும் மாற்றாமல், தமிழிலும், இதே இடத்தில் வெளியிடுவேன். வராவிட்டால் அதையும் எழுதுவேன்.

இப்படிக்கு,
ஜூலைப் பயணத்தில் எட்டாம் தளத்தில் தங்கியிருந்த தாயும் மகளும்